மினிம் கிளாஸ் காய்ந்திருந்தது

பெயர்: பாஞ்சாலி. வயது: ஏறக்குறைய நாற்பது. வேலை: பாட்டில் கழுவுதல், தரை துடைத்தல். கல்வி: இல்லை. தனித்திறமை: இல்லை. குறிப்பு: மருந்துகளையும் அளவுக் கருவிகளையும் இவர் கையாளக் கூடாது.

அல்சூர் ஏரிப் பக்கம் இருந்த ஒரு தர்ம மருந்தகத்தின் ஊழியர் பதிவேடு 1961-இல் இப்படிச் சொன்னது. அளவுக் கருவிகளைக் கையாளாமல் அவற்றை எப்படிக் கழுவுவது என்று அது சொல்லவில்லை. பதிவேடுகளுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது.

உண்மையில், ஐந்து வருஷமாக அந்த மருந்தகத்தில் சொட்டு மருந்தை அளந்து சொன்னவள் பாஞ்சாலிதான். கம்பவுண்டர் ஓஸ்வால்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளியே சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் யார் உயிராவது போகும். நேர்மையான மனிதர் ஆகையால் இரண்டுக்கும் நடுவே ஒரு திருட்டு வழி கண்டுபிடித்தார். ஊற்றுவது அவர், பார்ப்பது பாஞ்சாலி.

“உக்காந்துச்சா பாஞ்சாலி?”

அவள் முழங்காலை மடக்கி, கண்ணைக் கிளாஸின் மட்டத்துக்கு இறக்குவாள். மேலிருந்து பார்த்தால் மருந்து கூடுதலாகத் தெரியும், கீழிருந்து பார்த்தால் குறைவாகத் தெரியும். கண்ணாடி ஓரத்தில் ஏறி நிற்கும் மருந்தை நம்பக் கூடாது. நடுவில் குழிந்திருக்கும் அடி வந்து கோட்டின்மேல் உட்கார வேண்டும்.

“உக்காரல ஐயா, நின்னுக்கினு கீது. இன்னும் ரெண்டு சொட்டு வுடுங்க.”

எண்களைப் படிக்க அவளுக்குத் தெரியாது. தடித்த கோடு எது, அதற்கு மேல் எத்தனை மெல்லிய கோடு என்பது தெரியும். எண் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் என்ன தெரியும் என்று அவளுக்கு விளங்கியதில்லை.

இந்தக் கண் மருந்தகத்தில் வந்ததல்ல, அடுப்படியில் வந்தது. அதற்கு முன் காக்ஸ் டவுனில் நோரா என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண்மணியின் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். நோராவுக்குத் தாராளமான கை. தாராளம் குணத்தில் இருக்கலாம், பாதாம் எசன்ஸில் இருக்கக் கூடாது. ஒரு சொட்டு மிஞ்சினால் கேக்கில் மூட்டைப்பூச்சி நெடி அடிக்கும். இரண்டு கிறிஸ்துமஸ் கேக்குகள் நாய்க்குப் போன பிறகு (நாயும் ஒன்றைத்தான் தின்றது) எசன்ஸ் பாட்டில் பாஞ்சாலியின் கைக்கு வந்து சேர்ந்தது. தண்ணீர்ச் சொட்டு கொழுத்தது, ஸ்பிரிட் கலந்த சொட்டு ஒல்லி, அதில் பத்து என்றால் இதில் இருபது விட வேண்டும் என்பதை அவள் அங்கே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டாள். 1948-இல் நோரா குடும்பம் கப்பலேறியது. பாஞ்சாலி மருந்தகத்துக்கு வந்தாள், பாட்டில் கழுவ.

பாட்டில் என்றால் மருந்தகத்துப் பாட்டில் அல்ல. அந்தக் காலத்தில் மருந்துதான் தர்மம். பாட்டிலை நோயாளி கொண்டுவர வேண்டும். தைல பாட்டில், தேன் பாட்டில், சாராயம் மணக்கும் பாட்டில் என்று காலை எட்டு மணிக்கு ஜன்னலில் வரிசையாக நிற்கும். பாஞ்சாலி ஆள் முகத்தை மறந்துவிடுவாள், பாட்டிலின் முகத்தை மறக்க மாட்டாள்.

1961 ஆகஸ்ட் மாதத்தில் ஓஸ்வால்ட் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு மல்லேஸ்வரத்திலிருந்து சேஷகிரி வந்தான். இருபத்து மூன்று வயது, புத்தம்புதிய டிப்ளமா. படி, வீசை போய் லிட்டர், கிலோ வந்துகொண்டிருந்த காலம். மருந்திலும் அவுன்ஸையும் மினிமையும் ஒழித்து மில்லியைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அவன் படித்திருந்தான், நம்பினான், அதில் சந்தோஷமும் பட்டான். வந்த முதல் நாளே நூறு மில்லி பிடிக்கும் நெட்டைக் கிளாஸ் ஒன்றை மேஜைமேல் வைத்து, ஓஸ்வால்டின் விரல் உயர மினிம் கிளாஸைப் பின்னால் தள்ளினான்.

டாக்டர் ரெமிஜியஸ் முப்பது வருஷமாகப் பழைய கணக்கில் எழுதி வந்தவர். மினிம் என்பது சொட்டளவு. ஆங்கில எம் எழுத்தைப் போட்டு, அதன் கடைசிக் காலில் ஒரு வால் இழுப்பார்கள். முப்பது வருஷத்தில் டாக்டரின் வால் தேய்ந்துகொண்டே வந்திருந்தது. ஓஸ்வால்டுக்கு எழுத்தே மங்கல். டாக்டரின் சீட்டுகள் அவருக்கு மனப்பாடம். ஆகவே வால் தேய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சேஷகிரி வந்த நான்காம் நாள், திங்கட்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். பின்பக்கத் தொட்டியில் பாஞ்சாலி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நெட்டைக் கிளாஸை எடுத்தாள். உள்ளே இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே வரை பச்சைக் கறை இறங்கியிருந்தது. முகர்ந்தாள். ஸ்பிரிட்; அதற்குப் பின்னால் வாடிய இலையின் கசந்த நெடி. ஓஸ்வால்ட் ‘பெல்லா’ என்று செல்லமாக அழைத்த மருந்து. கக்குவான் இருமலுக்குக் கொடுப்பார்கள். விஷம், அளவோடு கொடுத்தால் மருந்து.

பிறகு மினிம் கிளாஸை எடுத்தாள். அது காய்ந்திருந்தது. அடியில் ஒரு கொசு செத்துக் கிடந்தது.

பாஞ்சாலியின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. பெல்லா என்றைக்கும் நெட்டையில் போனதில்லை. சின்னக் கிளாஸில், மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும் மருந்து அது. ஈரக் கையோடு உள்ளே போய் மேல் பலகையைப் பார்த்தாள். பெல்லா பாட்டிலில் சனிக்கிழமை கழுத்துக்கருகே இருந்த மருந்து இப்போது தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது.

இன்றைக்குக் கக்குவான் இருமலுக்கு வந்தது ஒரே ஒரு பாட்டில். பச்சைக் கண்ணாடி, கூந்தல் தைலம் விற்ற பாட்டில். கழுத்தில் நகமளவு மூளி. மூடிக்குப் பதிலாகச் சோளக்கட்டையைச் சீவிச் சொருகியிருந்தது. பச்சை பாட்டிலுக்குள் மருந்தின் பச்சை நிறம் கூடியதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது.

வெளியே வரிசை ஜன்னலை நெருக்கிக்கொண்டிருந்தது. சேஷகிரி குனிந்து ஒரு பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தான். வாள் பல் மாதிரி நறுக்கிய காகித நாடா. ஒரு வேளைக்கு ஒரு பல்.

“சாமி, பெல்லாவ பெரிய கிளாஸ்ல ஊத்துனீங்களா?”

“பெல்லாவா? யாரு அது?”

“பச்ச மருந்து. மேல் பலகையில ரெண்டாவது.”

“டிங்ச்சர் பெல்லடோனான்னு சொல்லு. ஆமா, ஊத்தினேன். ஏன், கறை போகலையா? சோடா போட்டுத் தேய்.”

“அது சின்ன கிளாஸ்ல ஊத்தறது சாமி.”

சேஷகிரி நிமிர்ந்தான். “இதோ பாரு பாஞ்சாலி. சின்ன கிளாஸ்ல இருக்கறது வெள்ளைக்காரன் கணக்கு. வெள்ளைக்காரனும் போயாச்சு, கணக்கும் போயாச்சு. இனிமே எல்லாம் மில்லிதான். போய்க் கழுவு.”

“எத்தினி ஊத்துனீங்க?”

“சீட்டுல எத்தனை இருக்கோ அத்தனை. எம் போட்டு நாற்பது. நாற்பது மில்லி. போறுமா? இல்லே, எனக்கு இன்னும் பரீட்சை பாக்கி இருக்கா?”

வரிசையில் முதலில் நின்றவர் சிரித்தார். “நல்லா கேளும்மா, ஃபெயில் பண்ணிடு அவர.”

பாஞ்சாலிக்கு வாதாடத் தெரியாது, காட்டத் தெரியும். இரண்டு கிளாஸையும் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். மினிம் கிளாஸில் தண்ணீர் விட்டாள். முழங்காலை மடக்கினாள். தடித்த கோடுகளில் நான்காவது; குழி வந்து கோட்டில் உட்காரும் வரை விரல் நுனியால் சொட்டு விட்டாள். பிறகு அதை நெட்டைக் கிளாஸில் கவிழ்த்தாள். நூறு மில்லி பிடிக்கும் கிளாஸின் அடியில் தண்ணீர் பல்லிடுக்குத் தண்ணீர் மாதிரி கிடந்தது. அவள் ஒரு விரலை அந்தத் தண்ணீரிலும் இன்னொரு விரலைப் பச்சைக் கறையின் மேல் விளிம்பிலும் வைத்தாள்.

“ஓஸ்வால்ட் ஐயா நாப்பதுன்னா இவ்ளோ ஊத்துவாரு. நீங்க நாப்பதுன்னு இவ்ளோ ஊத்திகிறீங்க. எது சாமி நாப்பது?”

சேஷகிரி இரண்டு விரல்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தான். பிறகு கம்பியில் குத்தியிருந்த சீட்டை உருவினான். எம். அதன் கடைசிக் காலில் ஏதோ இருந்தது. வாலா, பேனா இழுசலா? வெளிச்சத்தில் பிடித்தான். வால்.

அவன் செய்த முதல் காரியம், பென்சிலை எடுத்து வகுக்கத் தொடங்கியது. மூழ்குகிறவன் தண்ணீரின் ஆழத்தைக் கணக்குப் போடுகிற மாதிரி.

“டாக்டரய்யா எங்க?”

“மல்லேஸ்வரத்துல ஒரு வீட்டுக்குப் போயிருக்கார். ஒரு மணிக்கு வருவார். வரட்டும், கேட்டுண்டு...”

“அந்தக் கொழந்தைக்கு எப்போ குடுக்கச் சொன்னீங்க?”

“ஆத்துக்குப் போனதும். கஞ்சி குடுத்துட்டு ஒரு வேளை, அப்புறம் நாலு மணிக்கு, ராத்திரி...” அவன் பென்சிலைக் கீழே போட்டான். “மூணு வேளையும் உள்ளே போச்சுன்னா...”

“எந்தூரு?”

புறநோயாளி நோட்டைப் புரட்டினான். “எல்லம்மா. நாலு வயசு. தொம்மலூர்.” அவ்வளவுதான் எழுதியிருந்தது.

பாஞ்சாலி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. பின்னாலிருந்து சேஷகிரி கத்தினான்:

“குடுத்திருந்தா இன்னொரு வேளை குடுக்கப்படாது! டீ போடச் சொல்லு! பாலில்லாம, கசக்கற கசப்புல கெட்டியா! அது விஷத்தைக் கட்டும்! உடனே இங்கே தூக்கிண்டு வா! நான் டாக்டரைப் பிடிக்கறேன்!”

படித்த படிப்பு வீண் போவதில்லை. சற்றுத் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்த் திசையில் பறந்தான். வரிசையில் முதலில் நின்றவர் யாருமில்லாத ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, “இன்னாபா, ஃபெயிலா?” என்றார்.

தொம்மலூர் அப்போது தனி ஊர். கண்டோன்மெண்ட்டின் கடைசி முள்வேலியைத் தாண்டி, மிலிட்டரி மைதானத்தைத் தாண்டி, கீரைப் பாத்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அல்சூரிலிருந்து சாதாரண நடைக்கு முக்கால் மணி. பாஞ்சாலி மைதானத்தின் குறுக்கே ஓடினாள். நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம், ‘இப்ப கஞ்சி ஆறிக்கினு இருக்கும்’ என்று நினைத்தாள். பிறகு, ‘இப்ப கஞ்சி குடிச்சிருக்கும்’ என்று நினைத்தாள். அதற்கு அடுத்ததை நினைக்காமல் இருக்க மறுபடி ஓடினாள்.

ஊர் முகப்பில் கிணற்றடியில் நின்றவர்களிடம் கேட்டாள். “எல்லம்மா வூடு எதுங்க?”

“எந்த எல்லம்மா?”

தவறான கேள்வி கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. எல்லம்மன் காப்பாற்றுவாள் என்று பெற்றவர்கள் பெயர் வைக்கிற ஊர். இங்கே போய் எல்லம்மா என்று கேட்பது, மாட்டுத் தொழுவத்தில் நின்று நாலு கால் உள்ளது எது என்று கேட்பது போல. ஒருத்தி மேற்கே கை காட்டினாள். அந்த எல்லம்மாவுக்கு எழுபது வயது, பல் இல்லை, தன்னை விசாரிக்க ஆள் வந்ததில் மகிழ்ச்சி. இரண்டாவது எல்லம்மா போன வாரம்தான் பிறந்திருந்தாள். மூன்றாவது வீட்டில், “சின்ன எல்லம்மாவா? அவ மாடு ஓட்டிக்கினு போயிட்டாளே, பேகா ஓடுனா புடிச்சிடலாம்” என்றார்கள். மாடு ஓட்டுகிறவளுக்கு நாலு வயதிருக்காது.

பாஞ்சாலி தெரு நடுவில் நின்றாள். பெயரைத் தேடியதிலேயே பதினைந்து நிமிஷம் போயிற்று. முகத்தை நினைத்துப் பார்த்தாள், வரவில்லை. பாட்டில் வந்தது.

தெரு முனையில் கரி அடுப்பில் டீயும் சுட்ட சோளமும் விற்கிற ஃபாத்திமா என்பவள் உட்கார்ந்திருந்தாள். பாஞ்சாலி அவள் முன்னால் போய் நின்று இளைத்தாள்.

“யம்மா, பச்ச பாட்டிலு. கூந்தல் தைல பாட்டிலு. கழுத்துல இத்தினூண்டு ஒடஞ்சிருக்கும். சோளக்கட்டைய சீவி மூடி போட்டுகிறாங்க. யாரு வூடு?”

ஃபாத்திமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. “அரே, அக்கயம்மாதான்! மூடிக்கு வேணும்னு என்கிட்டதானே கட்டை கேட்டுக்கினு போச்சு. அதோ, வேப்பிலை சொருகிக்கீதே, அந்த வூடு.”

வேப்பிலையா? பாஞ்சாலி திரும்பினாள். ஓட்டுச் சார்ப்பின் இரண்டு பக்கமும் பச்சையாக வேப்பங்கொத்து தொங்கியது. ஒடித்த காம்பின் ஈரம் கூடக் காயவில்லை. வாசலில் நாலைந்து பேர் கைகட்டி நின்றார்கள்.

உள்ளே பாயில் குழந்தை கிடந்தது. முகம் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது. உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. காற்றில் எதையோ பறித்துப் பறித்துக் கையில் சேர்த்துக்கொண்டே சம்பந்தமில்லாமல் பேசியது. தாய் அக்கயம்மா தலைமாட்டில் வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“உள்ள வராதக்கா. அம்மா எறங்கிகிறா,” என்றாள்.

மருந்து பாட்டில் உத்தரத்தின் மேல் ஏறியிருந்தது. அம்மன் வந்த வீட்டில் மருந்து ஆகாது. விஷம் கொடுப்பதை அவர்கள் நிறுத்தியாயிற்று, தவறான காரணத்துக்காக. அதே காரணத்துக்காக வைத்தியத்தையும் நிறுத்தியாயிற்று.

பாஞ்சாலி எட்டிப் பாட்டிலைப் பார்த்தாள். வேளைக் காகிதத்தில் சரியாக ஒரு பல். அக்கயம்மா மயிரிழை பிசகாமல் ஊற்றியிருந்தாள். அன்றைக்கு டாக்டர் எழுதியது சரியான அளவு, கம்பவுண்டர் ஊற்றியது அவன் படித்த அளவுக்குச் சரி, தாய் கொடுத்தது காகிதத்துக்குச் சரி. இத்தனை சரிகளும் சேர்ந்து அந்தப் பாயில் கிடந்தன.

“எப்போ குடுத்தே?”

“வந்ததும் கஞ்சி ஊட்டிட்டுக் குடுத்தேன். அர மணியில தொண்ட காயுதுன்னா. அப்பறம் மூஞ்சி செவந்துச்சு, ஒளற ஆரம்பிச்சுட்டா.”

பாஞ்சாலி படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். வாசலில் ஒரு பெரியவர், “ஏம்மா, சொல்லிக்கினே இருக்கறோம், நீ பாட்டுக்குப் போற?” என்றார். அவள் குழந்தையின் முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கருவிழியில் பழுப்பே இல்லை. வட்டம் முழுக்கக் கறுப்பு. வெயில் பட்டும் சுருங்கவில்லை. வியாழக்கிழமைகளில் மருந்தகத்துக்குக் கண் டாக்டர் வருவார். அவர் சொட்டு விட்டு உட்காரவைத்த கிழவிகளின் கண் இப்படித்தான் விரிந்து கிடக்கும். அந்தச் சொட்டும் பெல்லாவும் அக்கா தங்கச்சி என்று ஓஸ்வால்ட் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

“இது அம்மா இல்ல அக்கயம்மா. மருந்து. நாங்க மருந்த ஜாஸ்தி ஊத்திட்டோம்.”

அக்கயம்மாவின் விசிறல் நின்றது. “யாரு ஊத்துனது?”

“நாங்க.”

வேப்பங்கொத்து பாஞ்சாலியின் கன்னத்தில் விழுந்தது. இரண்டு முறை. “காசில்லாம குடுக்கறீங்களேன்னு கும்புட்டு வாங்கியாந்தேனே! கொல்றதுக்கா குடுத்தீங்க? நெருப்பு வெக்க உங்க ஆசுபத்திரிக்கு!”

“அடி. வண்டியில ஏறிக்கினு அடி. இப்ப கொழந்தையத் தூக்கு.”

பெரியவர் வாசலை மறித்தார். “அம்மா எறங்கின ஒடம்ப வெளிய எடுக்கக் கூடாது. அம்மா கோவிச்சுக்குவா. ஊரையே வாரிக்கினு பூடுவா.”

“கோவிச்சுக்கட்டும். எம் மேல கோவிச்சுக்கச் சொல்லுங்க. பேரு பாஞ்சாலி, அல்சூரு, பாட்டில் கழுவறவ. வேற யாரையும் தேட வேணாம்னு சொல்லிடுங்க.”

அம்மனிடம் விலாசம் கொடுத்துப் பேசுகிற ஆளை அந்தப் பெரியவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் யோசிப்பதற்குள் பாஞ்சாலி குழந்தையை வாரிக்கொண்டு அவருடைய கைக்கடியில் நுழைந்து வெளியே வந்துவிட்டாள். அக்கயம்மா உத்தரத்திலிருந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். கோபம் இருந்தாலும் வீட்டில் இருப்பது அந்த ஒரு பாட்டில்தானே.

“டீ!” என்று பாஞ்சாலி ஃபாத்திமாவைப் பார்த்துக் கத்தினாள். “பாலு வேணாம், சக்கர வேணாம்! தூள அள்ளிக் கொட்டு!”

“எத்தினி?”

“கசக்கற வரைக்கும்!”

ஃபாத்திமா தூள் டப்பாவையே கவிழ்த்தாள். இரண்டு கொதி வந்ததும் கறுப்பாக ஒரு சொம்பு இறக்கினாள். அதற்குள் அவள் தம்பி பெரிய ரோட்டிலிருந்து ஒரு ஜட்கா பிடித்து வந்தான். குதிரைக்குத் தீனி வைக்கிற நேரம் என்று வண்டிக்காரர் தொடங்கினார். ஃபாத்திமா உருதுவில் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். அவர் சாட்டையை எடுத்துக்கொண்டார்.

ஜட்கா மைதானத்து மண்பாதையில் குலுங்கியது. அக்கயம்மா மடியில் குழந்தை. பாஞ்சாலி சொம்பைச் சாய்த்து ஒரு மடக்கு வாயில் விட்டாள். குழந்தைக்குப் புரையேறியது, முகம் நீலம் பாரித்தது. அக்கயம்மா கூச்சலிட்டாள். பெல்லா தொண்டையை உலர்த்திவிடும். உலர்ந்த தொண்டை விழுங்காது. ஒரு மடக்கு உயிரைக் காப்பாற்றும் என்றால் அதே மடக்கு மூச்சுக்குழலில் போய் உயிரை எடுக்கவும் செய்யும்.

பாஞ்சாலி முந்தானை நுனியைத் திரியாக முறுக்கினாள். சொம்பில் நனைத்தாள். கன்னத்தின் உள்பக்கமாகத் திரியை வைத்து, இரண்டு விரலால் அழுத்தினாள். ஒரு சொட்டு. நாக்கு அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு சொட்டு. வண்டி பள்ளத்தில் விழும்போது விரலைத் தளர்த்தினாள்; மேட்டில் ஏறும்போது அழுத்தினாள்.

“சொட்டு சொட்டா குடுத்தா எப்போ ரொம்பறது?” என்று அழுதாள் அக்கயம்மா. “ஜல்தி குடுக்கா!”

“ஜல்தி குடுத்துதான் இப்டி ஆச்சு. நீ தலையப் புடி, ஆட்டாதே.”

“பொழச்சிடுமா?”

அளந்து சொல்ல முடியாத எதையும் பாஞ்சாலி சொல்வதில்லை. நனைத்தாள், அழுத்தினாள், தொண்டையைப் பார்த்தாள். முள்வேலி வந்தபோது குழந்தை உளறுவதை நிறுத்தியது. உளறல் பயமாக இருந்தது. நின்றபோது அதைவிடப் பயமாக இருந்தது. பாஞ்சாலி தன் காதைக் குழந்தையின் மூக்கருகே வைத்தாள். மூச்சு இருந்தது, குதிரையின் குளம்புச் சத்தத்தைவிட வேகமாக. மறுபடி நனைத்தாள். பாதிச் சொம்பு டீ அவளுடைய சேலையிலும் அக்கயம்மாவின் மடியிலும் போயிருந்தது. மீதி எவ்வளவு உள்ளே போனது என்று, சொட்டை எண்ணிக்கொண்டு வந்த அவளுக்குத்தான் தெரியும். நானூறைத் தாண்டிய பிறகு எண்ண அவளுக்குத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

ஏரிக்கரையில் வண்டி திரும்பியபோது குழந்தை குமட்டியது. பாஞ்சாலி அதைக் குப்புறத் திருப்பினாள். கறுப்பும் பச்சையுமாக வந்தது. கஞ்சியும் வந்தது. பாஞ்சாலி அந்த நாற்றத்தை முகர்ந்தாள், வாடிய இலை. “வருது, வருது. வரட்டும்,” என்றாள். அன்று அவள் குரல் நடுங்கியது அந்த ஓரிடத்தில்தான்.

மருந்தக வாசலில் டாக்டர் ரெமிஜியஸின் கார் குறுக்காக நின்றது. சேஷகிரி சட்டை முழுக்க வேர்வையோடு, வயிற்றைக் கழுவும் ரப்பர் குழாயை வெந்நீரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். டாக்டர் குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். “எத்தனை மணிக்குக் கொடுத்தது? எவ்வளவு?” என்று கேட்டார்.

“பதினோரு மணி சுமாருக்கு, ஒரு பல்லு,” என்றாள் பாஞ்சாலி. “கெட்டி டீ நானூறு சொட்டுக்கு மேல; அர சொம்பு வெளிய போச்சு. ஒரு வாந்தி, இப்பதான்.”

டாக்டர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

மருந்தகத்தின் பின்னறைக் கட்டிலில் கிடந்த குழந்தைக்கு மாலை ஐந்து மணிக்கு ஜுரம் இறங்கியது. ஏழு மணிக்குக் குழந்தை தாயைப் பார்த்து, நீ யார் என்று கேட்டது. மருந்தில் விரிந்த கண் இன்னும் தெளியாததால் கேட்டது, புத்தி தெளிந்ததால் கேட்டது. மறுநாள் காலையில் அதுவும் சரியாகி, பக்கத்துக் கட்டில்காரரின் பன்னுக்குச் சண்டை போட்டது. அக்கயம்மா பாஞ்சாலியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கழுவிய பாட்டிலை வாங்கிக்கொண்டு, “நல்லா கழுவுனியா?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானது என்று பாஞ்சாலிக்குப் பட்டது.

டாக்டரும் சேஷகிரியும் சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு அரை மணி பேசினார்கள். வால் இருக்கிறது என்றார் டாக்டர். வால் போதாது என்றான் சேஷகிரி. இரண்டுமே உண்மை. கடைசியில், இனி எம் என்ற எழுத்தையே போடாமல் மினிம் என்றோ மில்லி என்றோ முழுச்சொல்லாக எழுதுவது என்று தீர்மானமாயிற்று. மருந்தகத்தின் விபத்துக் குறிப்பில் டாக்டர், ‘நோயாளி உடனடியாகக் கொண்டுவரப்பட்டார்’ என்று எழுதினார். யார் கொண்டுவந்தது என்ற இடத்தில் ‘தாயார்’ என்று இருக்கிறது.

கொண்டுவந்தவள் பாஞ்சாலி. காய்ந்த கிளாஸைப் பார்த்துத் தவற்றைக் கண்டுபிடித்து, தொம்மலூருக்கு ஓடி, பாட்டிலின் அடையாளம் சொல்லி வீட்டைத் தேடிப் பிடித்து, நாலு வயது எல்லம்மாவுக்கு வண்டியில் வழி நெடுகச் சொட்டுச் சொட்டாக டீ புகட்டி, உயிரோடு டாக்டர் கையில் ஒப்படைத்தாள்.